காலியாக இறங்கும் லிஃப்ட்

தெற்கு மாசி வீதியில் ஐந்து மாடி ஜவுளிக்கடை.
என் வேலை பொத்தான் அமுக்குவது.
பட்டு இரண்டு, ரெடிமேடு நான்கு,
மேல், கீழ், கீழ், மேல்,
நடுவில் யாராவது பையை மறந்து வைத்துவிட்டால்
மறுபடி மேல்.

உகுலேலே வந்த கதை சின்னது.
டவுன்ஹால் ரோட்டில் பழசு, ஆயிரத்து நூறு.
நான்கு நைலான் கம்பி, முதுகில் ஒரு சிராய்ப்பு.
முகத்துக்குப் பக்கத்துக் கம்பி
தடியாக இருக்கும் என்று நினைத்தேன்,
அதுவும் மெல்லிசு.
மேலிருந்து தள்ளினாலும் கீழிருந்து வாரினாலும்
ஒல்லியில் தொடங்கி ஒல்லியில்தான் முடிகிறது,
இரண்டு பக்கமும் கதவு வைத்த லிஃப்ட் மாதிரி.

ஸ்ட்ரம்மிங்கில் எனக்கு முதலில் பிடிபட்டது:
கை நிற்கக் கூடாது.
கம்பியில் படாத அடியும் கணக்கில் உண்டு.
ஆளில்லை என்று லிஃப்ட் மேலேயே நின்றுவிட்டால்
கீழே கட்டைப் பையோடு காத்திருப்பவர்
என்ன செய்வார்?
காலியாக இறங்கத்தான் வேண்டும்.
பதினோரு வருடமாகச் செய்கிறேன்,
அதற்கு சம்பளமும் தருகிறார்கள்.

தீபாவளி வியாபாரம் முடிந்து ஸ்டாஃபுக்கு விருந்து.
ஜெபக்கனி பாடுகிறாள், அவளே கட்டிய பாட்டு.
மூன்றாம் மாடி, ரவிக்கைத் துணி.
"லிஃப்டு, நீ வாசி" என்றாள்.
என் பெயர் அவளுக்குத் தெரியும்.

*குதிகாலே குதிகாலே, கொஞ்சம் பொறு,
கடைசி பஸ்ஸில் பேசிக்கலாம்.*

இன்னும் இரண்டு வரி உண்டு,
அதை விருந்தில்தான் பாடுவாளாம், முதலாளி முன்னால்.

சட்டை மடிப்புக்குள் வைக்கிற அட்டையில்
அம்புக்குறி போட்டுக்கொண்டேன்.
கீழ், கீழ்மேல், மேல்கீழ்மேல்.
எல்லாப் பாட்டுக்கும் பொருந்துகிற அடி அது.
எல்லார் காலிலும் ஏறுகிற ரப்பர் செருப்பு.
பாட்டு கடற்கரைக்குப் போய்விட்டது.
மதுரையில் ஏது கடற்கரை.

சூப்பர்வைசர் குபேந்திரன் அட்டையைப் பார்த்து
"லிஃப்ட் ரிப்பேருக்கா?" என்றார்.
விஷயம் தெரிந்ததும் அவரும் யோசனை சொன்னார்:
கொத்துப் புரோட்டா அடி போடு,
நம்ம ஊர்க்காரன் எவன் எழுந்து ஆட மாட்டான்?
போட்டேன்.
குதிகால் கு, தி, கா, ல் என்று
வாழையிலையில் விழுந்தது.

பிறகு மூன்றடியில் ஆட்டிப் பார்த்தேன்,
ஒன்று பலமாக, இரண்டு லேசாக.
ஜெபக்கனி சிரித்துவிட்டாள்.
"இது ஊஞ்சல். என் காலு ஊஞ்சல்லயா இருக்கு?"

ஐந்தாம் மாடி குடோன், சாப்பாட்டு நேரம்,
ட்யூப்லைட் தன் பாட்டுக்கு ஒரு சுருதியில் இரைகிறது.
அவள் சுவரில் சாய்ந்து நின்றாள், நான் ஸ்டூலில்.
"நீ உக்காந்து வாசிக்கிற" என்றாள்.
குற்றமாகச் சொல்லவில்லை.
மீட்டர் புடவையில் கறை இருக்கிறது என்பது போல,
பார்த்ததைச் சொன்னாள்.

உட்காரலாம் என்று சட்டம் வந்து
அவர்கள் செக்‌ஷனுக்கும் ஸ்டூல் வந்தது.
இப்போது அதில் லைனிங் துணி உட்கார்ந்திருக்கிறது.
எனக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே ஸ்டூல்,
பெட்டிக்குள் போகிறவனுக்கு இடம் தரும் வழக்கம்.

எழுந்தேன்.
வாரில்லாத உகுலேலே, நின்றால் நழுவும்.
முன்கையால் நெஞ்சோடு அழுத்திப் பிடித்தால்
மணிக்கட்டுக்கு வேலை பாதியாகிவிடுகிறது.
மேலே வர வேண்டிய விரல் வரவில்லை.
கீழ். பிறகு ஒன்றுமில்லை. பிறகு ஒன்றுமில்லை.
தாமதமாக ஒரு மேல், அதுவும் இரண்டு கம்பிதான்.

*கொஞ்சம் பொறு* என்று அவள் நிறுத்திய இடத்தில்
என் கை காலியாக இறங்கிக்கொண்டிருந்தது.
அவள் கண்ணைத் திறக்காமல் தலையை ஆட்டினாள்.
ஒற்றைக் காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறி நின்றாள்,
அடுத்த அடி அங்கே விழுந்தது.

நான் தேர்ந்தெடுத்த ஸ்ட்ரம்மிங் இதுதான்
என்று விருந்தில் யாராவது கேட்டால் சொல்லிக்கொள்வேன்.
அட்டையில் மட்டும் அதை எழுத வரவில்லை.
இரண்டு அம்பு போட்டேன்,
மிச்ச இடத்தில் கை போவதை
எந்தக் கோட்டால் காட்டுவது?

கீழே யாரோ பொத்தானை
விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.
அது எந்தத் தாளத்திலும் இல்லை.